மேற்றன் பந்தியில் இருந்த மத்தியானம்

எனக்கு வாய் சும்மா இருக்காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இதைச் சொல்லித்தான் எல்லோரும் என்னை ஏசுகிறார்கள். அந்த மத்தியானத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு மூச்சு வாங்குகிறது. சல்லி ஊரில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டு முடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "உங்கட மேற்றன்ர கதைதானே, எனக்குப் பாடம்" என்று கேற்றடியிலேயே திரும்பிப் போகிறாள். போகட்டும். எழுதினால் ஒருவரும் நடுவில் எழும்பிப் போக ஏலாதுதானே.

ஓர்ஸ் ஹில்லில் உள்துறைமுகம் தெரிகிற பக்கமாக எங்கள் முதியோர் இல்லம் இருக்கிறது. நான் அங்கே பராமரிப்பு வேலை. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, நடக்கப் பிடிப்பது, வாய் திறந்து கேட்காதவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது, இவ்வளவும்தான். எங்களுக்கு மேலே, இல்லத்தை நடத்துகிற மேற்றன். கஞ்சி போட்ட சேலை, சத்தம் வராத செருப்பு. மேற்றன் விறாந்தையில் திரும்பினால் நாங்கள் பாதிச் சிரிப்பில் வாயை மூடிவிடுவோம். மருந்தும் ஊசியும் பார்க்க ஒரு இளம் தாதி இருந்தாள். அவளை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். தூரத்து ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வெறும் தேத்தண்ணியோடு வந்து சேருவாள். குசினியில் சமைக்கிறவர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்போம். குறிஞ்சாக்கேணிக்காரர். அவர் வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்காகவே நான் இந்த வேலையில் கனகாலம் நிற்கிறேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு அநேகமான நாட்களில் உபயம். யாராவது பிறந்தநாளுக்கோ, காலமான தாய் தகப்பனின் நினைவுக்கோ சமைத்துக்கொண்டு வந்து தருவார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், எல்லோரும் வருவார்கள். உபயகாரர் வந்து தன் கையால் முதல் அகப்பை வைக்கும் வரைக்கும் ஒருவரும் தட்டில் கை வைக்கக் கூடாது. இது எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் அதை மீறி யாரும் ஒரு பருக்கை தின்றதில்லை. நேரத்துக்கே எல்லோருக்கும் கை கழுவிவிட்டு, கதிரைகளில் இருத்தி, வெறும் தட்டை முன்னால் வைத்துவிடுவோம். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நாங்கள் சுவரோரம் வரிசையாக நிற்போம். எல்லாரும் உண்டு முடித்து, தட்டுக் கழுவிய பிறகு குசினிக்குப் பின்னால் போய், ஆறிப்போனதை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வோம். முதியவர்களுக்கு முன்னால் வேலையாட்கள் கதிரையில் இருந்து சாப்பிடுவது ஒழுங்கில்லை என்பது மேற்றனின் கட்டளை.

ஜன்னலோரக் கட்டில் ஐயாவுடையது. துறைமுகத்தில் இழுவைப் போட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. உள்ளே வருகிற கப்பலைப் பார்த்து, அது எந்தப் பக்கம் திரும்பும், எங்கே கட்டுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். சரியாக வந்தால் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கை தட்டுவார். பிழைத்தால், "புதுப் பெடியன் ஓட்டுறான் போல" என்பார். அவருக்குச் சீனி வருத்தம். காலையில் ஊசி. காலையில் போட்ட ஊசி மத்தியானம் சோறு கேட்கும் என்று மிஸ் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தாள். கேட்கிற நேரத்தில் சோறு போகாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார்.

விழுந்துவிட்டார். ஒரு உபய நாளில்.

அன்றைக்கு வரவேண்டிய குடும்பம் மட்டக்களப்பிலிருந்து வருகிற சொந்தக்காரர் ஒருவருக்காகக் காத்திருந்தது. நாங்கள் அந்தக் குடும்பத்துக்காகக் காத்திருந்தோம். ஹோலில் எல்லோரும் வெறும் தட்டோடு. திடீரென்று ஐயா மேற்றனைப் பார்த்து, "நீ ஆரடி என்னை மறிக்க?" என்று கத்தினார். பூனையைக்கூட அதட்டாத மனிதர். மேற்றனின் முகம் கறுத்துப்போயிற்று. எனக்கு, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் அவருடைய நெற்றியைப் பார்த்தேன். வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. நான் ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் கதிரையிலிருந்து சரிந்துவிட்டார். மிஸ் சீனித்தண்ணியோடு பறந்து வந்தாள். நான் சேர்ட்டுப் பொத்தானைக் கழற்றியபோது பொக்கற்றுக்குள் ஏதோ நொறுங்கியது. பிஸ்கட். உபய நாட்களில், சாப்பாடு பிந்தினால் தின்னச் சொல்லி மிஸ் காலையிலேயே கையில் கொடுப்பது. இரண்டு முழுப் பிஸ்கட்டையும் வைத்துக்கொண்டு மனிதர் பசியில் விழுந்திருக்கிறார்.

அவர் கண் திறந்து, "கப்பல் கட்டியாச்சோ?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை மேற்றன் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். எங்கள் இடத்தில் கூட்டம் என்றால் அதற்கு ஒரே கேள்விதான்.

"ஆர் கவனிக்காம விட்டது?"

"பிஸ்கட் குடுத்தனான் மேற்றன். கையிலதான் குடுத்தனான்" என்றாள் மிஸ்.

"குடுத்தால் போதுமோ? திண்டவரோ எண்டு பாக்க வேண்டாமோ?"

மிஸ் அழத் தொடங்கினாள். மேற்றன் அதோடு விடவில்லை. நிர்வாகக் குழு கூடிப் பேசிவிட்டதாம். இது ஆஸ்பத்திரி இல்லை, இன்னொரு முறை இப்படி நடந்தால் ஐயாவை வேறு இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவாம். அந்த இல்லம் எங்கே என்று கேட்டேன். சொன்னார். கடலே இல்லாத ஊர். குளம்கூட இல்லை.

என் வாய் அதற்கு மேல் நிற்கவில்லை.

"இதில ஒருத்தரும் பிழை விடேல்ல மேற்றன். ஊசி நேரத்துக்குப் போட்டாச்சு. பிஸ்கட் குடுத்தாச்சு. கை கழுவி இருத்தியாச்சு. எல்லாத்தையும் சரியாச் செய்துதான் நாங்கள் அந்தாளை விழுத்தினனாங்கள்."

நான் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் தொடங்கிய வாய் தொடங்கியதுதான். கொஞ்ச நாளைக்கு முன் எங்களுக்குத் தர மேம்பாடு என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். வந்தவர் சுவர் முழுக்கக் கலர்க் கடதாசி ஒட்டிவிட்டுப் போனார். அதை உரித்து எடுக்க எங்களுக்கு அரை நாள் போனது. அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று என் மண்டையில் ஒட்டியிருந்தது. ஆர் என்று கேட்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள். அதை அப்படியே எடுத்து விட்டேன்.

"ஏன் பிஸ்கட்டைத் தின்னேல்ல எண்டு அவரை ஆராவது கேட்டனாங்களோ?"

மேற்றன் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். ஆனாலும், "போய்க் கேள்" என்றார்.

நேரே ஜன்னலடிக்குப் போனேன். ஐயா ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி இருந்தார். மேற்றனை ஏசியதை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

"ஐயா, பொக்கற்றில பிஸ்கட் இருந்ததுதானே. ஏன் தின்னேல்ல?"

"எல்லாரும் வெறுந்தட்டோட இருக்கேக்க நான் மட்டும் எப்பிடிப் பிள்ளை தின்னுறது?"

"வருத்தக்காரர் திண்டால் ஆர் என்ன சொல்லப்போகினம்?"

"நான் போட்டில இருந்த ஆள். கப்பலைக் கட்டி முடியுமட்டும் ஒருத்தன் கயிறோட நிப்பான். அவன் நிக்கேக்க மற்றவன் வாயில வைக்கிறேல்ல. என்ன பசியெண்டாலும் வைக்கிறேல்ல. அப்பிடியே பழகிப்போட்டுது."

"இஞ்ச ஆர் ஐயா கயிறோட நிக்கிறது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சிமெந்துக் கப்பல் உள்ளே திரும்பியது. அவ்வளவுதான், மனிதர் எழும்பி நின்றுவிட்டார். எனக்கும் பதில் தேவைப்படவில்லை. எனக்குத்தான் எல்லாம் விளங்கிவிட்டதே. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டால் ஐயாவும் சாப்பிடுவார். நான் குசினிக்கு ஓடினேன். நானா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நானா, உபயம் வருதோ வரேல்லையோ, பன்னிரண்டுக்கு ஹோல் முழுக்கச் சோறு குடுக்க ஏலுமோ? கொஞ்சமாத்தான்."

"சோறும் பருப்பும் சொதியும் தானே? ஏலும். மேற்றன் ஓமெண்டு சொல்லுவாவா?"

மேற்றன் ஓம் என்று சொல்லவில்லை. உபயகாரர் வந்து எச்சில் தட்டையா பார்ப்பது, மனம் நொந்துபோக மாட்டார்களா, பிறகு யார் வருவார்கள், இந்த இல்லத்தின் அடுப்பு எதில் எரிகிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் கோபம். அப்படியென்றால் இன்ன நேரத்துக்கு வாருங்கள் என்று முன்னமே சொல்லுவோம் என்றேன். "தருமம் தாறவைக்கு நாங்கள் நேரம் சொல்லுறதோ?" என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும், அவர் எங்கே திரும்பினாலும் அங்கே நின்றேன். விறாந்தையில் கேட்டேன், பூக்கன்றடியில் கேட்டேன். கடைசியில், என் கரைச்சல் தாங்காமலோ ஐயாவின் முகத்தைப் பார்த்தோ தெரியாது, "ஒருக்காத்தான்" என்றார். வரப்போகிற பெரிய உபயத்தன்று, பன்னிரண்டுக்குச் சாப்பாடு வந்து சேராவிட்டால் மட்டும், குசினிச் சோறு. அன்றைக்கும் ஐயா விழுந்தால் அதற்குப் பிறகு நான் வாயே திறக்கக் கூடாது.

அந்தப் பெரிய உபயம் கிண்ணியா ஹாஜியார் ஒருவருடையது. வியாபாரி. ஒவ்வொரு வருசமும் தன் உம்மாவின் நினைவாகப் புரியாணி கொண்டுவருவார். கிடாரத்தை, அந்தப் பெரிய அண்டாவை, இறக்க ஆட்களோடு வருவார், எல்லோருக்கும் தன் கையாலே வைப்பார், நின்று பார்த்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். அவருக்காகத்தான் மேற்றன் புதுச் சேலை கட்டுவது.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு நிற்க இருக்க ஏலவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். பாருங்கள், பசித்தவர்களுக்குச் சாப்பாடு வந்துவிடுமோ என்று பயந்த ஒரே பராமரிப்பாளர் நானாகத்தான் இருப்பேன். மிஸ் வழக்கம்போல ஐயாவின் கையில் பிஸ்கட் கொடுத்தாள். வழக்கம்போல அது பொக்கற்றுக்குள் போனது. பதினொன்றரை மட்டில் நானாவின் போனுக்கு ஹாஜியார் எடுத்தார். கிண்ணியாப் பாலம் தாண்டி வந்த இடத்தில் வான் வண்டியின் ரயர் காற்றுப் போய்விட்டதாம். நானா குசினி வாசலில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் மேற்றனைப் பார்த்தேன். மேற்றன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, "வையுங்கோ" என்றார்.

நாங்கள் வைத்த வேகம் இருக்கிறதே. ஆவி பறக்கிற சோறு, பருப்பு, கீரை, மேலே சொதி. எந்தத் தட்டும் வெறுமையாக இல்லை. ஹோலே மணத்தது. வைத்து முடித்துவிட்டு, வழக்கம்போலச் சுவரோரம் போய் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருவரும் சாப்பிடவில்லை.

முன்வரிசையில் ஒரு அம்மா மட்டும் கையைக் கொண்டுபோனார். ஐயா சும்மா இருப்பதைக் கண்டு அதையும் எடுத்துவிட்டார். எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மிஸ் என் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, நெத்தியைப் பாருங்கோ" என்று மெல்லச் சொன்னாள். ஐயாவின் நெற்றி மினுங்கத் தொடங்கியிருந்தது.

நான் ஓடிப் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"ஐயா, எல்லாருக்கும் வைச்சாச்சு. இனி ஒருத்தரும் பாத்துக்கொண்டு இல்லை. ஒரு வாய் வையுங்கோ. என்ர ஐயால்லே."

அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

"நீங்கள் நிக்கிறியள்" என்றார்.

"என்ன ஐயா?"

"நீங்கள் எல்லாரும் நிக்கிறியளே பிள்ளை. ஒரு நாளும் இருந்ததில்லை. மூண்டு மணிக்கு நிண்டுகொண்டு தின்னுறியள். எனக்கு ஜன்னலால தெரியுறது கடல் மட்டுமில்லை, குசினிப் பின்பக்கமும்தான்."

எனக்கு வாய் அடைத்துப்போனது. அப்படி நடந்தது அன்றைக்கு மட்டும்தான். கயிறோடு நின்றவர்கள் நாங்கள். நான் திரும்பிச் சுவரோரத்தைப் பார்த்தேன். மிஸ் நின்றாள், மற்றப் பிள்ளைகள் நின்றார்கள், நானா அகப்பையோடு நின்றார். எல்லோரும் மேற்றனைப் பார்த்தோம். இருக்கக் கூடாது என்ற கட்டளை அவருடையது. அதைத் தூக்க வேண்டியவரும் அவர்தான். ஐயாவின் கை மேசையில் நடுங்கத் தொடங்கியது. எனக்கு மேற்றனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் செய்துமிருப்பேன்.

மேற்றன் ஒரு கதிரையை இழுத்தார். சிமெந்து நிலத்தில் அது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐயாவுக்கு நேர் முன்னால் போட்டு, புதுச் சேலையோடு இருந்தார்.

"நானா, எனக்கும் ஒரு தட்டு வையுங்கோ."

நானா ஓடினார். மேற்றன் சோற்றைப் பருப்போடு குழைத்து ஒரு வாய் வைத்தார். விழுங்கிவிட்டு ஐயாவைப் பார்த்தார். ஐயா எங்களைப் பார்த்தார். "மற்றப் பிள்ளையளும்" என்றார். ஐயோ, நாங்கள் ஓடிய ஓட்டம். கதிரை போதவில்லை. ஒருத்தி கட்டில் விளிம்பில், மிஸ் மருந்துப் பெட்டியில், நான் நடை பழக்குகிற இடத்து மர வாங்கில், நானா அரிசி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலே. அத்தனை பேர் கையிலும் தட்டு வந்த பிறகுதான் ஐயா சோற்றில் கை வைத்தார்.

ஒரு மனிதர் பருப்புச் சோறு சாப்பிடுவதை நான் என் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை. முதல் வாய். இரண்டாவது வாய். பிறகு ஹோல் முழுக்கச் சத்தம் கிளம்பியது. சொதி இன்னும் கொஞ்சம், உப்பு எங்கே, கீரை ஆர் ஆய்ஞ்சது, நரம்பாக் கிடக்கு என்று கதை. அந்த ஹோலில் சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்ட முதல் கதைகள் அவை. கீரை ஆய்ந்தது நான்தான். ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கூத்துக்குள்தான் வான் ஹோர்ன் அடித்தது.

ஹாஜியார் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஆட்கள் புரியாணிக் கிடாரத்தோடு. உபயகாரரை மேற்றன் வாசலில் நின்று வரவேற்பதுதான் வழக்கம். மேற்றன் வாய் நிறையச் சோறோடு அரைவாசி எழும்பி அப்படியே நின்றார். எங்கள் எல்லோருடைய கையும் எச்சில் கை. ஹாஜியார் தட்டுகளைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"சாப்பிட்டாச்சா?" என்றார்.

நான் விளக்கம் சொல்ல எழும்பினேன். சீனி வருத்தம், ஊசி, நேரம், எல்லாம் தொண்டையில் தயாராக நின்றன. எனக்கு முன்னால் ஐயா எழும்பிவிட்டார். கை நடுங்கவில்லை. குரல் போட்டில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"வாங்கோ ஹாஜியார். ரயர் போட்டுதாமே. வெயிலுக்க களைச்சுப் போனியள். கையைக் கழுவிப்போட்டு வந்து இருங்கோ. உங்களுக்கும் வைக்கிறம்."

ஹாஜியார் செருப்பைக் கழற்றினார்.

"இத்தின வருசமா வாறன்" என்றார். "இதுக்குள்ள ஒருத்தரும் என்ன இருக்கச் சொன்னதில்ல."

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஐயா தன் கையால் அகப்பையை எடுத்து அவருக்குச் சோறு வைத்தார். கிடாரம் ஒரு பக்கத்தில் மூடியபடி இருக்க, ஹாஜியார் எங்கள் பருப்பையும் சொதியையும் ஒரு பிடி பிடித்தார். பிறகு புரியாணியைத் திறந்து எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சுவை பார்த்தோம். மிச்சம் இரவுக்கு. ஐயாவுக்கு எவ்வளவு வைக்கலாம் என்று மிஸ் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். நின்று என்றா சொன்னேன், இல்லை, இருந்து பார்த்தாள்.

போகும்போது ஹாஜியார் மேற்றனிடம், "அடுத்த முறை எத்தின மணிக்குச் சாப்பாடு? பந்திக்கு முன்னுக்கு வந்திருவன்" என்றார்.

"பன்னிரண்டுக்குத் தட்டு வைப்பம்" என்றார் மேற்றன். உபயகாரருக்கு நேரம் சொன்னார். நான் நானாவின் காலை மிதித்தேன்.

மேற்றன் கைகூடக் கழுவவில்லை. வலது கையில் சோறு காய்ந்துகொண்டிருக்க, இடது கையால் போனை எடுத்து நிர்வாகக் குழுத் தலைவரைக் கூப்பிட்டார். நாங்கள் தட்டுகளை அடுக்குவதுபோல் பாசாங்கு பண்ணிக்கொண்டு காதைக் கொடுத்தோம்.

"ஐயா இஞ்சதான் இருப்பார். ஓம், இஞ்சதான். எனக்கு எப்பிடித் தெரியுமோ? அவருக்கு முன்னால இருந்து சாப்பிட்டனான்."

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. மருந்துப் பெட்டியில் இருந்த மிஸ்ஸின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஐயா மெல்ல நடந்து வந்து பொக்கற்றுக்குள்ளிருந்து அன்றைக்குக் காலைப் பிஸ்கட் இரண்டையும் எடுத்தார். நொறுங்காமல் இருந்தன. அவளுடைய கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"முதல் பஸ்ஸில வாறனீங்கள். காலமை ஒண்டும் தின்னாமல்தான் வாறனீங்கள், எனக்குத் தெரியும்" என்றார். "நாளைக்கு இதைத் திண்டிட்டு எனக்கு ஊசி போடுங்கோ."